ஸ்பிரிங் விஷயமாகச் சொன்ன யோசனை

மெத்தைக் கம்பெனிக்கு ஆலோசகராகப் போனவர் சொன்ன முதல் யோசனையே அவரைக் கூண்டில் ஏற்றிவிட்டது. மெத்தைக்குள் வைக்க வாங்கும் அந்த ஸ்பிரிங்கை இனி வாங்காதீர்கள் என்று எழுதிக் கொடுத்தார். முதலாளி, காலம் முடியாத ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டார். ஸ்பிரிங் செய்து கொடுத்தவர் வழக்கை முதலாளி மேல் போடவில்லை, முறிக்கத் தூண்டியவர் மேல் போட்டார். தூண்டியவர் அவருடைய தங்கை புருஷன்.

ஸ்பிரிங்கும் லேசுப்பட்டதல்ல. கடையில் விற்பனையாளர் ஒருவர் படுத்துக் காட்டப் போய், அவரை இறக்க ஏணி தேவைப்பட்டது. கடமை தவறாத மனிதர். பரணில் இருந்தபடியே விலையைச் சொல்லி முடித்தார்.

கேட்டவர் நன்மைக்காக நேர்மையாகச் சொன்ன யோசனை என்றால் சட்டம் ஒன்றும் செய்யாது என்று ஆலோசகரின் வக்கீல் சொல்லியிருந்தார். சொந்தப் பகையில் சொன்னது என்றால் நஷ்டஈட்டில் வீடே போய்விடும். ஆலோசகரின் கவலை அதோடு நிற்கவில்லை. தோற்றால் வீடு போகும், ஜெயித்தால் மனைவிக்குப் பிறந்த வீடு போகும். அவளோ அண்ணன் பக்கமும் உட்காராமல் இவர் பக்கமும் உட்காராமல், கோர்ட்டில் நடுவழியில் நாற்காலி போட்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் இடி வாங்கிக்கொண்டிருந்தாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் கிடுக்கிப்பிடி போட்டார். ஸ்பிரிங்கை எங்கேயும் பரிசோதிக்கவில்லை, இயந்திரத்தில் வைத்துப் பார்க்கவில்லை. மோசம் என்று எப்படித் தெரியும், பகை இல்லாமல் வேறென்ன?

ஆலோசகர் மச்சானைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கல்யாணத்துக்கு மச்சான் அதே ஸ்பிரிங்கைப் போட்டுத் தன் கையால செஞ்சு குடுத்த மெத்தை. அன்னையிலேருந்து அதுலதான் படுக்கிறேன்."

கூண்டில் அவர் கோணலாக நிற்பதை நீதிபதி அப்போதுதான் கவனித்தார்.

மச்சான் எழுந்துவிட்டார். உட்காரச் சொன்ன தன் வக்கீலின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ஏன் மாப்ள, இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"தங்கச்சிக்குன்னு ஆசையா செஞ்சீங்க. கம்பெனிக்காரங்க கேட்டாங்க, சொன்னேன். நீங்க கேக்கவே இல்லையே, மச்சான்."

வழக்கில் பகைக்கு இடமில்லை என்பது மச்சானின் வக்கீலைத் தவிர எல்லாருக்கும் விளங்கிவிட்டது. மச்சானுக்கு இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது.

"தங்கச்சி எந்தப் பக்கம் படுப்பா?"

"நல்ல பக்கம்."

மச்சான் வழக்கு வேண்டாமென்று நீதிபதியைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு கூண்டருகே போய்க் கையை நீட்டினார்.

"இறங்குங்க மாப்ள. முதுகைக் காட்டுங்க."