பூட்டைத் திற, குதி

என் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மாணவர்கள் எனக்கு மைனஸ் என்று பேர் வைத்துவிட்டார்கள். நிலநடுக்க அளவில் பூஜ்யத்துக்குக் கீழேயும் எண்கள் உண்டு. யாருக்கும் தெரியாமல் நடந்து முடிகிற குட்டி அதிர்வுகளுக்கு மைனஸ் ஒன்று, மைனஸ் ஒன்றரை என்று அளவு கொடுப்போம். நானே நடத்திய பாடம்தான். பேரும் பொருத்தமாகத்தான் இருந்தது.

மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒருவன் தானாகவே எனக்காகப் பேச ஆரம்பித்தான். நான் ஒரு வாக்கியம் சொல்வேன். அவன் திரும்பி, "மேடம் என்ன சொல்றாங்கன்னா..." என்று அறை அதிரச் சொல்வான். நடுநடுவே சொந்தச் சரக்கும் வரும்.

"இன்னைக்கு டெஸ்ட் இல்லைன்னு சொல்றாங்க!"

"நான் அப்படிச் சொல்லலையே."

"அப்படிச் சொல்லலைன்னும் சொல்றாங்க!"

அவனுக்கு ஸ்பீக்கர் என்று பேர். இறுதியாண்டுத் திட்டத்துக்கு என்னை வழிகாட்டியாகக் கேட்டு வந்த முதல் மாணவனும் அவன்தான். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னபோது, "உன்னைக் கேட்டு ஒருத்தன் வந்தானா? பையனுக்குக் காது நல்லா கேக்குது போல" என்றாள். அவள் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் நர்ஸ். அவளுடைய கேலி எல்லாம் அந்த வழியில்தான் வரும்.

நகரத்துக்கு வடக்கே இருக்கும் குன்றுகளில் நடுத்தரமான நிலநடுக்கம் ஒன்று வந்து அடங்கியிருந்தது. அதன் பின்னால் வரும் சின்ன அதிர்வுகளை நான்கு இடங்களில் கருவி வைத்துப் பதிய வேண்டும். எந்த இடத்துக்கு அலை எப்போது வந்தது என்று பார்த்தால், அது கிளம்பிய புள்ளியைக் கண்டுபிடிக்கலாம். இதுதான் ஸ்பீக்கரின் திட்டம்.

எங்களிடம் இருப்பவை பழைய கருவிகள். உள்ளே சுருள்கம்பியில் ஒரு எடை தொங்கும். வண்டியில் கொண்டுபோகும்போது அது ஆடாமல் இருக்க ஒரு திருகால் பூட்டியிருக்கும். இடத்தில் வைத்ததும் பூட்டைத் திறக்க வேண்டும். பிறகு ஒருவர் பக்கத்தில் நின்று குதிக்க வேண்டும். லேப்டாப்பில் கோடு எகிறினால் கருவி விழித்திருக்கிறது என்று அர்த்தம். பூட்டைத் திற, குதி. எங்கள் துறையில் எல்லோரும் இதைத்தான் முதலில் கற்றுக்கொள்வார்கள்.

மூன்று இடங்களுக்கு நானும் போனேன். நாலாவதான வனக்காவலர் குடிசைக்கு, மழை பிடித்துக்கொண்டதால், ஸ்பீக்கர் தனியாக ஏறினான். நனைந்து இறங்கி வந்து, "வச்சாச்சு மேடம்" என்றான்.

கருவிகளைத் திருப்பி எடுத்த பிறகு முடிவுகளைக் கொண்டுவந்தான். வரைபடத்தில் புள்ளிகள் வரிசையாக நின்றன. யாரும் குறித்து வைக்காத ஒரு பிளவு அங்கே மண்ணுக்கடியில் ஓடுகிறது என்று அந்தக் கோடு சொல்லியது. துறைத்தலைவர் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "உங்க முதல் மாணவனே இப்படியாம்மா!" என்றார். ஸ்பீக்கருக்கு ஒரு கம்பெனியில் வேலை உறுதியாகியிருந்தது. பட்டம் மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை தேர்வுக் குழு முன்னால் பேசிவிட்டால் அதுவும் கைக்கு வந்துவிடும்.

புதன்கிழமை மூலப் பதிவுகளைத் திறந்தேன். சந்தேகம் எதுவும் இல்லை. அழகான அதிர்வுகளைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

நாலாவது இடத்தில், விடியலில் வந்த ஒரு அதிர்வு. அதற்கு அடியில் சீப்பின் பற்கள் மாதிரி நெருக்கமாக, ஒரே சீராக ஒரு நடுக்கம் ஓடியது. தண்ணீர் மோட்டார். ஒரு தடவை பார்த்தவர்களுக்கு அது மறக்காது.

வனக்காவலர் குடிசையில் கரண்டே கிடையாது. சத்தம் இல்லாத இடம் என்றுதான் நான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

மூன்றாவது இடத்தின் பதிவை எடுத்தேன். அது ஒரு வீட்டின் பின்னறை. வீட்டுக்காரம்மா காலையில் மோட்டார் போடுவார். அதே அதிர்வு, அதே சீப்பு, கொஞ்சம் நேரம் மட்டும் தள்ளி. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று நகர்த்திப் பார்த்தேன். பிசிறில்லாமல் பொருந்தின. இரண்டு இடங்கள் ஒரே மாதிரி நடுங்குவது கிடையாது. ஒரே வீட்டின் இரண்டு அறைகள்கூட நடுங்காது.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன்.

"மேல சொல்லிடு."

"சொன்னா அவன் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே வெளிய அனுப்பிடுவாங்க."

"அப்போ அவன்கிட்ட கேளு."

"என்னன்னு கேக்கறது?"

"உலகத்துல எங்க நடுங்கினாலும் கண்டுபிடிக்கற. எதிர்ல நிக்கிற பையன்கிட்ட ஒரு வார்த்தை கேக்க உனக்கு நடுக்கமா?"

மறுநாள் அவனைக் கருவி அறைக்குக் கூப்பிட்டேன். அவன் உற்சாகமாகப் படிகளைத் தடதடவென்று இறங்கி வந்தான். நான் இரண்டு பதிவுகளையும் திரையில் வைத்தேன்.

அவன் குனிந்து சீப்பின் பற்கள்மேல் விரலை ஓட்டினான்.

"குடிசைக்கு எப்போ கரண்ட் வந்தது?" என்றேன்.

"பூட்டைத் திறக்கல மேடம்." முதல் தடவையாக அவன் குரல் என் குரல் அளவுக்கு இருந்தது. "மழை கொட்டுச்சு. லேப்டாப் நனைஞ்சிடும்னு குதிச்சுப் பாக்காம வந்துட்டேன். எடுக்கப் போனப்போதான் தெரிஞ்சுது. எல்லாம் ஒரே நேர்க்கோடு. ஒரு அசைவு இல்ல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்க திட்டவே மாட்டீங்க மேடம். அதான் சொல்ல முடியல."

அவன் திரையில் இருந்த நாலாவது இடத்துப் பதிவைக் காட்டினான்.

"அந்த இடத்துக்கு அலை எப்போ வந்திருக்கும்னு யோசிச்சு, மூணாவது இடத்துப் பதிவை நகர்த்தி வச்சேன். வரைபடத்துல கோடு நேரா வந்துச்சு. நேரா வந்ததும், நிஜமாவே அப்படித்தான் இருக்கும்னு நானே நம்பிட்டேன்."

"இருக்கலாம். ஆனா நமக்குத் தெரியாது."

"மேல சொல்லப் போறீங்களா?"

"நாளைக்கு நீயே சொல்லு. நீ சொல்லலைன்னா நான் சொல்லியாகணும்."

"சொன்னா வேலை போயிடும் மேடம்."

"தெரியும்."

மூன்று இடங்களை மட்டும் வைத்துக் கணக்கை மறுபடி போட உட்கார்ந்தோம். புள்ளிகள் கலைந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி 'இதற்குள் எங்கேயோ' என்று காட்டும் வட்டம் ஊதிப் பெருத்தது. வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கோடு இருந்த இடத்தில் ஒரு மேகம்தான் மிஞ்சியது.

"கோலி விளையாடின மாதிரி இருக்கு" என்றான். அதோடு கிளம்பிவிட்டான். வெள்ளிக்கிழமை எந்தப் படத்தோடு வருவான் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அரங்கு நிறைந்திருந்தது. கோட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு வேறு துறைகளிலிருந்தும் வந்திருந்தார்கள். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஸ்பீக்கர் மேடையேறினான். திரையில் படம் விழுந்தது.

மேகம்.

துறைத்தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இது என்னப்பா? போன வாரம் கோடு இருந்துச்சே?"

"நாலாவது கருவியோட பூட்டைத் திறக்க மறந்துட்டேன் சார்."

அரங்கில் சிரிப்பு எழுந்தது. எல்லோரும் ஒருநாள் செய்த தப்புதான். ஆனால் துறைத்தலைவர் சிரிக்கவில்லை. "அப்போ அந்தக் கோடு எப்படி வந்துச்சு?"

ஸ்பீக்கர் ஏதோ சொன்னான். உதடு அசைந்தது. முன் வரிசைக்குக்கூட எட்டியிருக்காது.

"கேக்கல!" என்றார்கள் பின்னாலிருந்து.

அவன் மறுபடி சொன்னான். மறுபடியும் கேட்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான். ஓடிவிடப் பார்க்கிறவனின் பார்வை இல்லை அது. வாய் வரை வந்துவிட்டது, வெளியே விழ மாட்டேன் என்கிறது. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும்.

எழுந்து கடைசி வரிசைப் பக்கம் திரும்பினேன்.

"அவன் என்ன சொல்றான்னா," என்றேன். சுவரில் பட்டு என் குரலே திரும்பி வந்தது. "மூணாவது இடத்துப் பதிவை எடுத்து, நேரத்தை மாத்தி, நாலாவது இடத்துதுன்னு வச்சிருந்தான். அந்தக் கோடு அப்படி வந்தது. அது பொய். இப்போ திரையில இருக்கறதுதான் எங்களுக்குத் தெரிஞ்சது."

யாரும் சிரிக்கவில்லை. ஸ்பீக்கர் தலையை ஆட்டினான். "ஆமா" என்றான். அது எல்லோருக்கும் கேட்டது.

குழு ரொம்ப நேரம் கூடிப் பேசியது. இந்த வருஷம் பட்டம் இல்லை, அடுத்த பருவத்தில் நாலு இடத்திலும் புதிதாக அளந்து வர வேண்டும் என்றார்கள். "தானா சொன்னதால இதோட விடறோம்" என்றார் துறைத்தலைவர். என்னைப் பார்த்து, "உங்களுக்கு இவ்வளவு குரல் இருக்காம்மா?" என்று கேட்டார். கம்பெனி காத்திருக்க முடியாது என்றுவிட்டது. அவன் அண்ணன் போனில் போட்ட சத்தம் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. குடும்பக் குரல் போலிருக்கிறது.

மழைக்காலம் முடிந்ததும் குடிசைக்கு ஏறினோம். இந்தத் தடவை நானும் போனேன். அவன் கருவியைக் குழியில் இறக்கி, மட்டம் பார்த்து, திருகைச் சுற்றினான். "திறந்தாச்சு" என்று என்னிடம் காட்டினான். பிறகு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"குதி" என்றேன்.

"நீங்க குதிங்க மேடம். நான் பாக்கறேன்."

"நானா?"

"மேடம் குதிக்கப் போறாங்க!" என்று காட்டைப் பார்த்துக் கத்தினான். வனக்காவலர் வெளியே எட்டிப் பார்த்தார்.

துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு குதித்தேன்.

திரையில் கோடு எகிறி, மெல்ல அடங்கியது.