ஜூடி வீட்டு ஃபிரிட்ஜுகள்

"எடுக்க மாட்டேன்னா எடுக்க மாட்டேன். என் ஃபிரிட்ஜு யார் கண்ண இன்னா பண்ணுது—"

"கத்தாதக்கா, மேடம் தெருமுனைக்கு வந்துட்டாங்க, கால நகத்து—"

உமைமா நகரவில்லை. அவளுடைய நீல ஃபிரிட்ஜின் மறுபக்கத்தை ஏற்கெனவே தூக்கிவிட்ட எதிர்வீட்டு சுஜா விடவுமில்லை. ஏழைப் பெண்களுக்கு அரசாங்கம் இலவசத் தையல் மிஷின் தருகிறது. மனுப் போட்டவர்கள் நிஜமாகவே ஏழைகளா என்று வீடு பார்க்க அதிகாரியம்மாள் வருகிறார். ராயபுரத்தின் அந்தச் சந்தில் விசாரணை என்றாலே நல்ல சாமானெல்லாம் ஜூடி வீட்டுக்குக் குடிபோய்விடும். ஜூடியின் புருஷன் நோயலுக்கு ரயில்வே உத்தியோகம். எந்தத் திட்டத்திலும் சேராத வீடு என்பதால் எந்த அதிகாரியும் அங்கே எட்டிப் பார்த்ததில்லை.

"ஏழைன்னா வெந்நிதான் குடிக்கணும்னு சட்டம் இருக்குதா, சுஜா? இதுல மாவு வெச்சி வித்துதான் புள்ளைங்களுக்கு சோறு போடறேன்."

"அத்த மேடமாண்ட சொல்லு. பொறுமையா கேட்டுக்கினு போவாங்க. மிஷினு மட்டும் வராது."

மோட்டார் வைத்த மிஷின். அது வந்தால் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கக் கொடுப்பதாக வண்ணாரப்பேட்டைக் கடைக்காரர் சொல்லியிருந்தார். உமைமா மாவுத் தூக்கை வெளியே எடுத்து வைத்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே மறுபக்கத்தைப் பிடித்தாள்.

அதிகாரியம்மாள் வந்தார், கூரையைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார், உனக்குக் கிடைத்துவிடும் என்று சிரித்தார். உமைமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் அக்னி நட்சத்திர வெயில். வாசலுக்கு வந்ததும் அவருக்குத் தலை சுற்றியது. கொஞ்சம் ஜில் தண்ணீர் கிடைக்குமா என்றார். எங்கள் வீட்டில் ஏது என்று சந்தே ஒருவரையொருவர் முந்திக்கொண்டு சத்தியம் செய்தது.

மனசு தாங்காத ஜூடிதான், எல்லாவற்றையும் மறந்து, "எங்க வூட்டுக்கு வாங்க மேடம்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

கூடத்தில் நான்கு ஃபிரிட்ஜுகள் கல்யாண வீட்டுக்காரர்கள் போல வரிசையாக நின்றன. தண்ணீரைக் குடித்தபடி அதிகாரியம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நம்ம யாவாரம் மேடம்," என்றாள் ஜூடி அவசரமாக. "பழசு வாங்கி விக்கறோம்."

சந்தேகப்படுவார் என்று பார்த்தால் அவர் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டு ஃபிரிட்ஜ் போன மாதமே படுத்துவிட்டதாம். புதிது வாங்க வழியில்லையாம். மூன்றைத் தாண்டிப் போய் நீல நிறத்தில் இருந்ததைத் திறந்து பார்த்து, ஆசையாகத் தடவிக் கொடுத்தார். பிறகு, மாவுத் தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற உமைமாவைத் திரும்பிப் பார்த்தார்.

"விக்கிறவங்க நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. பக்கத்து வீட்டுக்காரி, நீ சொல்லும்மா, இதை நான் எடுத்துட்டுப் போகலாமா?"