பன்னிரண்டாவது ஆள்

நெல் ஹாகன் ஜெயிக்க மாட்டார் என்று வெர்னாவுக்குத் தெரியும். ஜனாதிபதி வேட்பாளராக வேண்டும் என்று அந்தக் குளிர்காலத்தில் அயோவாவைச் சுற்றி வந்தவர்களில் அவர் பெயர்தான் கடைசி. சில கருத்துக்கணிப்புகளில் பெயரே இல்லை. ஆனால் சிற்றூர்களில் மூடப்பட்ட மருத்துவமனைகளைப் பற்றிப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

நவம்பரில் ஹாகன் இந்த ஊருக்கு வந்தபோது வெர்னாவின் சமையலறையில்தான் சாப்பிட்டார். ஹாகன் முன்னாள் நர்ஸ். சுவரில் இருந்த, வெர்னாவின் மகள் மார்லாவின் படத்தைப் பார்த்துவிட்டு, "எங்க கொண்டு போனீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"அடுத்த கவுன்ட்டி ஆஸ்பத்திரிக்கு. இங்க பிரசவ வார்டை மூடிட்டாங்களே. பாதி வழி தாண்டல."

குழந்தையும் பிழைக்கவில்லை என்பதை வெர்னா சொல்லவில்லை. ஹாகன் அதையும் புரிந்துகொண்டவர் போலக் கரண்டியைக் கீழே வைத்தார். மற்றவர்களைப் போல அவர் ஆறுதல் சொல்லவில்லை. மறுநாளே வெர்னா வேலையில் இறங்கிவிட்டாள்.

அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஓட்டுச்சீட்டு இல்லாத தேர்தல் அது. கட்சிக்காரர்கள் பள்ளி விளையாட்டு அரங்கில் கூடி, அவரவர் வேட்பாளருக்கான மூலையில் போய் நிற்க வேண்டும். கூட்டத்தில் நூற்றுக்குப் பதினைந்து பேராவது ஒரு மூலையில் இருந்தால்தான் அது கணக்கில் வரும். முதல் எண்ணிக்கைக்குப் பிறகு ஆட்கள் மூலை மாறுவது வழக்கம்; இரண்டாவதிலும் தேறாத மூலைக்குப் பூஜ்யம். மார்லா பிறந்து வளர்ந்த ஊரில் ஹாகனின் பெயருக்கு நேரே பூஜ்யம் விழக் கூடாது. அவ்வளவுதான்.

பனியில் வீடு வீடாகப் போனாள். பன்றிப் பண்ணையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்ந்திருந்த டுவைட், கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே பேசினார்.

"என் நாய் நின்னாகூட உன் ஆளவிட நாலு பேர் கூடுதலா வருவாங்க, வெர்னா."

"உன் நாய் கடிக்கும் டுவைட். அதுக்கு எதிரா நானே வேலை செய்வேன்."

"அன்னிக்குத் தின்ன என்ன கொண்டு வருவ?"

"வேர்க்கடலை வெண்ணெய் போட்ட இனிப்பு பார்."

"அதச் சொல்லு முதல்ல. வரேன்."

ட்ராயிடம் கடைசியாகப் போனாள். மருமகன். கூட்டுறவு தானியக் கிடங்கில் வேலை. மார்லா போனபிறகு அவளைப் பற்றி அவன் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"என்னால முடியாதுங்க," என்றான். "அந்த மூலையில நின்னா எதுக்கு நிக்கிறேன்னு எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் என்னையே பாப்பாங்க."

"பாக்கட்டுமே."

"லோவெல்கிட்ட வேற வரேன்னு சொல்லிட்டேன். அப்ப எத்தனை நாள் வேலைக்கு வராம இருந்தேன், அவர் ஒரு வார்த்தை கேக்கல."

கிடங்கு மேலாளர் லோவெல், செனட்டர் ப்ரைஸின் மூலைக்குத் தலைவர். வெர்னா யோசித்தாள்.

"முதல் எண்ணிக்கைக்கு அவர்கூட நில்லு. மரியாதை செஞ்ச மாதிரி ஆச்சு. ரெண்டாவது எண்ணிக்கைக்கு முன்னாடி இந்தப் பக்கம் வந்துடு. நம்ம ஊர்ல எல்லாரும் காலங்காலமா அப்படித்தானே மாறுறோம்?"

ட்ராய் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சரி," என்றான்.

தேர்தல் அன்று மாலை அரங்கில் எண்பது பேர் வந்திருந்தார்கள். பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கும் திருமதி க்ளெம்தான் தலைமை. அவர் விதிகளைப் படித்தபோது யாரும் கேட்கவில்லை. வெர்னா தட்டின் மேலிருந்த அலுமினியத் தாளைப் பிரித்து, பார்களைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் எண்ணிக்கை முடிந்தது. பன்னிரண்டு பேர் வேண்டும். ஹாகனின் மூலையில் பதினொரு பேர். மற்ற அத்தனை பேரும் இரண்டு பெரிய மூலைகளில் இருந்தார்கள்.

"ஒரு ஆள் குறையுது," என்றார் டுவைட், வாயில் பாருடன்.

"ஆள் இருக்கு," என்றாள் வெர்னா.

ட்ராய் ப்ரைஸின் மூலையை விட்டுக் கிளம்பினான். கூடைப்பந்துத் தரையில் அவன் பூட்ஸின் சத்தம் கேட்டது. ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். அவன் எங்கே போகிறான், எதற்காகப் போகிறான் என்று அங்கே தெரியாதவர்கள் இல்லை. அவன் நிமிர்ந்தே நடந்தான்.

"ட்ராய், நில்லுப்பா," என்றார் திருமதி க்ளெம்.

பாதித் தரையில் நின்றான்.

"முதல் எண்ணிக்கையில தேறின மூலையில இருந்தவங்க இந்த வருஷம் மாற முடியாது. ஆரம்பத்துல படிச்சேனே."

"என்ன கூத்து இது," என்றார் டுவைட். "போன தடவை நானே மூணு மூலை மாறினேன்."

"அது போன தடவை, டுவைட். விதியை மாத்திட்டாங்க."

லோவெல் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். "நான் அவனை விட்டுக் கொடுக்கறேன். போகட்டும்மா."

"அது உங்க கையிலயும் இல்ல, லோவெல். என் கையிலயும் இல்ல." திருமதி க்ளெமின் குரல் தாழ்ந்திருந்தது. மார்லா அவருடைய வகுப்பில் படித்தவள்.

ட்ராய் நடுத்தரையிலேயே நின்றான். முன்னாலும் போக முடியவில்லை, திரும்பவும் தோன்றவில்லை. அவன் பயந்தது போலவே எல்லாரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பலனும் இல்லாமல் போயிற்று.

அவனை முதல் தடவையே தன் பக்கம் நிறுத்தியிருக்கலாம். வெர்னாவின் கையில் இன்னும் கத்தி இருந்தது. அதைத் தட்டில் வைத்தாள்.

"இப்ப என்ன செய்யறது?" என்று டுவைட் கேட்டார். "அந்தப் பக்கமா, வீட்டுக்கா?"

"அவங்கவங்க இஷ்டம்."

அவள் ட்ராயிடம் போனாள்.

"நான் முதல்லயே வந்திருக்கணும்," என்றான் அவன்.

"நான்தானே அங்க நிக்கச் சொன்னேன். வா."

அவன் முழங்கையைப் பிடித்து ப்ரைஸின் மூலைக்கு அழைத்துப் போனாள். கூட்டம் விலகி இடம் விட்டது. அவளும் அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள். பின்னாலேயே வந்த டுவைட் மெல்லச் சொன்னார்.

"இந்த ப்ரைஸ் அந்த வார்டப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல, வெர்னா."

"தெரியும்."

திருமதி க்ளெம் பலகையில் ஹாகனின் பெயருக்கு நேரே பூஜ்யம் போட்டார். பிறகு இரண்டாவது எண்ணிக்கை தொடங்கியது. வரிசையில் ஒவ்வொருவரும் தன் எண்ணைச் சத்தமாகச் சொல்ல, அது ஆள் ஆளாக நெருங்கி வந்தது.

"வண்டியில கடைசி வரைக்கும் உங்களத்தான் கேட்டா," என்றான் ட்ராய், முன்னால் பார்த்தபடியே. "அம்மா பின்னாடி வராங்களான்னு. வராங்கன்னு சொன்னேன்."

அவன் முறை வந்தது. "முப்பத்தொண்ணு," என்றான்.

அடுத்து வெர்னா. எல்லாரும் காத்திருந்தார்கள். லோவெல் அவளுக்காகச் சொல்ல வாயெடுத்தார். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். 

"முப்பத்திரெண்டு," என்றாள்.