தெவிழன் என்றால் என்ன?

பிறப்புப் பதிவு அலுவலகத்தில் அவளுக்கு அகராதியக்கா என்று பெயர். அந்தப் பெயருக்கு இரண்டு காரணம் உண்டு. அவள் காதுபடச் சொல்வது ஒன்றைத்தான். முதல் ஜன்னலில் உட்கார்ந்து குழந்தைகளின் பெயரைப் பதிவது அவள் வேலை. விண்ணப்பத்தில் அர்த்தத்துக்குக் கட்டம் கிடையாது. ஆனாலும் யாரும் வைக்காத பெயரோடு ஒருவர் வந்துவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. எங்கே பிடித்தீர்கள், யார் சொன்னது, என்ன பொருள் என்று குடைந்துவிடுவாள். பொருள் தெரியாதவர்களுக்கு மேசைக்கடியில் இருக்கும் தடித்த அகராதியைப் புரட்டி, துண்டுச் சீட்டில் எழுதிச் சான்றிதழோடு பின் அடித்துக் கொடுப்பாள்.

பையனுக்குப் பெயர் வைக்கும்போதுதான் அப்பன்மார்களுக்கு உலகத்தில் இல்லாதது வேண்டியிருக்கிறது. உவணன் என்று ஒருவர் வந்தார். கழுகு என்று எழுதிக் கொடுத்தாள், மனிதர் தோளை நிமிர்த்திக்கொண்டு போனார். ஞிமிறன் என்று ஒரு பெயர் வந்தது, வண்டு. மறலி என்பது கம்பீரமாக இருக்கிறதே என்று வந்தவரிடம், அது எமனுடைய பெயர் என்று மெல்லச் சொன்னாள். ஞமலிச்செல்வன் என்று கேட்டு வந்த மாமனாரும் மருமகனும், ஞமலி என்றால் நாய் என்று தெரிந்ததும் ஒருவரையொருவர் முறைத்தபடி படியிறங்கினார்கள்.

இத்தனை வருஷ வேலையில் ஒரே ஒரு சீட்டில்தான் அவள் பொய் எழுதியிருந்தாள். இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்பு, தெவிழன் என்ற பெயரோடு ஒரு பஸ் டிரைவர் வந்தார். யாரோ பெரியவர் சொன்னார், பொருள் தெரியாது என்றார். அகராதியில் அந்தச் சொல் இல்லை. பின்னால் வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. அவரோ பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் போல அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். தெரியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதில் கொஞ்சம் திமிரும் இருந்தது; அகராதி பிடித்தவள் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வது சும்மா இல்லை. 'பாதியில் திரும்பாதவன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அந்த டிரைவர்தான் இப்போது நரைத்த தலையோடு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றார். சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். வந்த விஷயத்தை மென்று விழுங்கிச் சொன்னார். பையன் நெடுந்தூர ஓட்டக்காரன். வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் ஓடினால் அப்புறம் நடப்பதற்கே கம்பு வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவனோ அடுத்த மாதப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். நிறுத்து என்றால், என் பெயருக்கே பாதியில் திரும்பாதவன் என்றுதானே அர்த்தம் என்கிறான்.

"இந்தப் பேருக்கு இன்னொரு அர்த்தம் ஏதாவது இருக்கா பாருங்க மேடம்," என்றார். "கொஞ்சம் சாதுவான அர்த்தமா."

உறைக்குள் இருந்த தன் பழைய கையெழுத்தை அவள் பார்த்தாள். இன்னொரு பொய் எழுத ஒரு நிமிஷம் போதும். பொறுமைசாலி, நிழலில் நிற்பவன், எதை வேண்டுமானாலும் எழுதலாம். யார் வந்து கேட்கப்போகிறார்கள்? ஆனால் எழுதிய ஒரு பொய்க்கே ஒரு முழங்கால் போயிருக்கிறது. பையனை அழைத்து வாருங்கள் என்றாள். வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான் என்றார்.

ஜன்னலை மூடிவிட்டு அவரோடு வெளியே போனாள். இத்தனை நாள் வெறும் பெயராக இருந்தவன் பார்க்க எப்படி இருப்பான் என்ற ஆவல் அந்தப் பதற்றத்திலும் அவளை விடவில்லை. ஒல்லியாக, வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, அந்த அர்த்தம் நானா எழுதினது. அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. தப்பு என்னோடது. நீங்க காலைப் பாருங்க."

டிரைவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ திருட்டு முழி முழித்தார். எந்தப் பெரியவரும் சொல்லவில்லையாம். பிரசவ அறை வாசலில் நின்றபோது தன் வாயில் தானாக வந்த சத்தமாம் அது. அதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று ஒரு பெரியவரை இட்டுக்கட்டினாராம். அவள் பொருள் எழுதித் தந்ததும், நம் வாயிலும் நல்ல வார்த்தை வருகிறதே என்று பூரித்துப்போனாராம். அந்த ஒரு சொல்லுக்காக அதன்பிறகு எத்தனை பழைய நூல்களைக் கிளறியிருக்கிறாள் அவள்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பையன் மட்டும் அசரவில்லை. "எனக்குப் பன்னெண்டு வயசுலயே தெரியும் மேடம். லைப்ரரியில இருந்த அத்தனை அகராதியும் பாத்துட்டேன்."

தெரிந்துமா ஓடினீர்கள் என்று கேட்டாள். அவன் அப்பாவைப் பார்க்காமல் பதில் சொன்னான்.

"இவர் பஸ்ஸுல ஏறுறவங்க எல்லார்கிட்டயும் என் பேருக்கு அர்த்தம் சொல்லிட்டிருந்தாரு. எந்தப் புஸ்தகத்துலயும் அது இல்ல. நானும் நின்னுட்டா, அப்புறம் எங்கயுமே இருக்காதே."

டிரைவர் பெஞ்சில் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு அந்த முழங்கால்மேல் கையை வைத்தார்.

"கூப்பிட்டா நீ வரணும்டா," என்றார். "அதுக்குத்தான் பேரு வெச்சேன். வேற ஒரு அர்த்தமும் வேண்டாம். வா, வீட்டுக்குப் போலாம்."

அவன் உடனே எழவில்லை. அப்புறம் அப்பாவின் தோளில் முழுப் பாரத்தையும் போட்டு எழுந்தான்.