குணமான கால்

அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் அவன் பாதத்துக்கு எதிரே நிமிர்த்தி வைத்தாள். இடது கை ஆக்சிலரேட்டர், வலது கை பிரேக். கேன்டீனில் காலையிலிருந்து பாத்திரம் தேய்த்த கைகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ்டியரிங்குக்குப் பதிலாக ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டான்.

"கீழ பார்க்காதீங்க. ரோட்டைப் பாருங்க."

"ரோட்டுல காலண்டர் தொங்குது."

"அதான் சிக்னல். கிளம்புங்க."

அவன் வலது பாதம் அவளுடைய இடது கையை அழுத்தியது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, "ஆடு!" என்று கத்தினாள். கால் தாவியது.

"ஆடு பிழைச்சுது. போங்க, போங்க... ஸ்கூட்டர்!"

அதுவும் தப்பித்தது.

"உங்க மேனேஜர்!"

கால் அசையவில்லை.

"என்னங்க, மனுஷன் மேல ஏத்திட்டீங்களே!"

"தெரிஞ்சுதான் ஏத்தினேன்."

சிரிப்பை அடக்க முடியாமல் அவள் அவனுடைய காலையே பிடித்துக்கொண்டாள். கணுக்காலின் இரு பக்கமும் வெட்டுத் தழும்புகள் பளபளவென்றிருந்தன. தொட்டால் உள்ளே ஸ்க்ரூவின் தலை நெருடும்.

டிப்போவில் அவனுக்குப் பெயர் பைலட். பறப்பதால் வந்த பெயரல்ல. சைக்கிள்காரர்கள்கூடப் பின்னாலிருந்து மணியடிக்கும் அளவுக்கு நிதானமாக ஓட்டுகிறவன் என்பதால் யாரோ கேலியாக வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. அவன் பேருந்தில் டிரைவர் பக்கத்து ஏறுபடி உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. பலமுறை சொல்லிப் பார்த்தான். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார்கள். அதுவரை குதித்துத்தான் இறங்கியாக வேண்டும். ஒரு மழை நாளில் குதித்தபோது கணுக்கால் உள்ளே நொறுங்கியது. ஒட்டவைக்கும்படியாக மூட்டில் எதுவும் மிஞ்சவில்லை என்று, எலும்போடு எலும்பைச் சேர்த்து முடுக்கிவிட்டார்கள். மாவுக்கட்டு, வாக்கர், பிறகு கைத்தடி. வலி போனது. நொண்டல்கூட போயிற்று. பாதம் மட்டும் மேலும் கீழும் மடங்காது. குதிகாலைத் தரையில் ஊன்றியபடி முன்பாதத்தால் பெடலைத் தடவித் தடவி ஓட்டிய கால், இப்போது இடுப்பிலிருந்து மொத்தமாக எழும்பிப் போய்த்தான் அடுத்த பெடலில் இறங்க வேண்டும்.

அந்தத் தாவலைத்தான் தினமும் பழகினார்கள். "இன்னைக்குச் சூப்பர்ங்க, சட்டுனு வந்துடுச்சு" என்று அவள் சொல்லும்போதெல்லாம் அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மறுபடி வண்டியைக் கொடுக்கலாமா என்று பார்க்கும் டெஸ்ட் அன்று காலையிலேயே வெயில் ஏறியிருந்தது. டிப்போவின் பின்பக்க மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கோட்டைத் தாண்டி ஒரு காலி எண்ணெய் டின்னை நிறுத்தியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கொடியோடு ஓரமாக நின்றார்; கொடி இறங்கியதும் கோட்டுக்குள் நிறுத்த வேண்டும். ஸ்பானர் என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக் ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டான்.

"ஏறுங்கண்ணே. படி புதுசு போட்டாச்சு."

"எப்போ?"

ஸ்பானர் தலையைச் சொறிந்தான். "நீங்க விழுந்த மறுவாரமேண்ணே."

பைலட் ஒரு காலால் மிதித்துப் பார்த்தான். புதுப் படி உறுதியாகத்தான் இருந்தது. அதில் கால் வைத்து ஏறினான்.

இருக்கையில் உட்கார்ந்ததும் உடம்பெல்லாம் பழைய இடம் தேடி அமர்ந்தது. என்ஜின் உறுமலில் தொடை அதிர்ந்தது. வேகம் எடுத்தான். கொடி இறங்கியது. கால் இடுப்பிலிருந்து எழும்பி இடது பக்கம் போனது. அங்கே வெறுமையாக இருந்தது. பிரேக் பெடல் இன்னும் கொஞ்சம் தள்ளி, தான் இருந்த இடத்திலேயே இருந்தது. பாதம் அதைத் தேடிப் பிடித்து அழுத்துவதற்குள் முன்னால் தகரம் நசுங்கும் சத்தம் கேட்டது.

"பதட்டப்படாதீங்க பைலட்," என்றார் இன்ஸ்பெக்டர். நல்ல மனிதர். இன்னொரு டின் வைக்கச் சொன்னார். அதுவும் நசுங்கியது. மறுபடியும் டின்னைத் தேடி ஓடப்போன ஸ்பானரை அவரே கைகாட்டி நிறுத்திவிட்டார்.

மேனேஜர் உட்காரச் சொன்னார், தண்ணீர் வரவழைத்தார்.

"சீட்டுல ஏத்த முடியாது பைலட். நாளைக்கு டின் இருக்கிற இடத்துல குழந்தை நிக்கும்."

"புரியுது சார். டைம் ஆபீஸ்ல, டிக்கெட் பிரிவுல, உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஏதாவது..."

"அது கால் முடியாதவங்களுக்கு. உங்க டாக்டர் பரிபூரண குணம்னு எழுதியிருக்காரே."

"குணம்தான் சார். ஆனா மடங்காது."

"அதை அவர் எழுதலையே. குணமானவருக்கு எந்தக் காரணத்தைக் காட்டி நான் வேற வேலை குடுக்கிறது?"

"அப்போ வண்டியைக் குடுங்க."

"வண்டிதான் நிக்கலையே அய்யா." மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டாக்டரைப் போய்ப் பாருங்க. காலுக்கு முடியலன்னு அவர் எழுதட்டும். எழுதினா நான் பார்த்துக்கிறேன்."

வீட்டுக்குள் நுழைந்தவனின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"உன் கையில சரியாத்தானே இருந்துச்சு?" என்றான்.

அவள் சட்டையை மடியில் வைத்தாள்.

"நான் வேணும்னு கையை நகர்த்தலைங்க," என்றாள். "கால் அந்தரத்துல தேடுதேன்னு பார்ப்பேன். அதுக்குள்ள கை தானா வந்து நின்னுடும். இன்னைக்கு அசையவிடக் கூடாதுன்னு நினைச்சுட்டுத்தான் தினமும் உட்காருவேன்."

அவன் அவள் மடியிலிருந்த சட்டையை வாங்கி அலமாரியில் வைத்தான்.

"கம்பெனிக்காரன் உன்னைக் கேட்டு வண்டி செஞ்சிருக்கணும்," என்றான். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் மருத்துவமனையில் அவனைக் கண்டதும் பெரிய டாக்டரின் முகம் மலர்ந்தது. சுற்றி நின்ற மாணவர்களிடம் எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துக் காட்டினார். "எலும்பு எப்படிச் சேர்ந்திருக்கு பாருங்க. சேர்ந்த இடமே தெரியலை." பிறகு அவன் பக்கம் திரும்பினார். "வலி இருக்கா?"

"இல்லை சார்."

"நடக்கிறப்போ?"

"இல்லை சார். ஆனா பஸ் ஓட்ட முடியலை. காலுக்கு முடியலன்னு நீங்க ஒரு வார்த்தை எழுதினா, வேற வேலை போட்டுத் தர்றேங்கிறாங்க."

டாக்டர் நாற்காலியை இழுத்து அவன் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். கனிவாகத்தான் பேசினார்.

"மடங்கக் கூடாதுன்னுதானே இந்த ஆபரேஷனே பண்ணினோம்? வலியில்லாம நடக்கணும், அதான் கணக்கு. நீங்க நடக்கிறீங்க. நல்லா வந்த கேஸை நானே சரியா வரலன்னு எழுத முடியுமா? நாளைக்கு என்னைக் கேட்க மாட்டாங்களா?"

"மடங்காதுன்னு மட்டும் எழுதினாப் போதும் சார். அது நிஜம்தானே."

"எழுதினா குறைன்னுதான் படிப்பாங்க. இது குறை இல்லையே." அவன் தோளைத் தட்டி எழுந்தார். "ஒரு உதவி பண்ணுங்க. அடுத்த வாரம் வெளியூர் டாக்டர்களெல்லாம் வர்றாங்க. உங்க நடையை அவங்களுக்குக் காட்டணும்."

நடைக்கூடத்தை ஒதுக்கினார்கள். பெஞ்சில் காத்திருந்தவர்கள் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். வீடியோ எடுக்க ஓர் இளம் டாக்டர் போனோடு தரையில் மண்டியிட்டான்.

"செருப்பு வேண்டாம். பேன்ட்டை முழங்கால் வரைக்கும் மடிச்சு விட்டுக்கோங்க."

"முகம் வருமா தம்பி?"

"வராதுங்க. முழங்காலுக்குக் கீழதான். உங்களை யாருக்கும் தெரியாது."

அவன் நடந்தான். தரை குளிர்ந்திருந்தது. பின்னால் பெரிய டாக்டரின் குரல் கேட்டது: "தழும்பைப் பார்க்காம, நடையை மட்டும் வச்சு எந்தக் கால்னு சொல்லுங்க பார்ப்போம்?" ஒரு மாணவி இடது கால் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கூடம் முடிகிற இடத்தில் சுவரைப் பார்த்து நின்றான். நின்றபடியே இருந்தான்.

"அப்படியே திரும்பி வாங்க," என்று இளம் டாக்டர் குரல் கொடுத்தான்.

முகத்தைத் துடைத்துக்கொள்ளாமலேயே அவன் திரும்பினான். மண்டியிட்டிருந்தவனின் கண் போனை விட்டு அகலவில்லை. அந்தச் சிறிய திரையில் இரண்டு பாதங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, கொஞ்சமும் பிசகாமல் வந்துகொண்டிருந்தன.