எந்த மூடி

முன்கண்ணாடியில் ஒரு பூச்சி மோதி மஞ்சளாய்த் தெறித்ததும் கண்ணாடிக்காரர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்துக் குச்சியை இழுத்தார். இரண்டு கோடாகத் தண்ணீர் பீய்ச்சியடித்தது. வைப்பர் இரண்டு தரம் போய் வந்தது. பூச்சி இருந்த சுவடே தெரியவில்லை. ஊரெல்லாம் ஜன்னலுக்கும் பீரோவுக்கும் கண்ணாடி வெட்டிக் கொடுக்கிறவர் அவர். கண்ணாடியில் தூசி விழுந்தால் கண்ணில் தூசி விழுந்த மாதிரி துடிப்பார். வண்டியில் ஏறினால் நாலு திருப்பத்துக்கு ஒருதரம் அந்தக் குச்சியை இழுக்காமல் அவருக்குக் கை நிற்காது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி கண்ணாடியைப் பார்க்கவில்லை. மீட்டரின் மேல் ஒட்டியிருந்த கறுப்பு டேப் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டேப்பின் ஓரத்தில் சிவப்பு கசிந்துகொண்டிருந்தது. இஞ்சினைக் குளிர வைக்கிற கூலன்ட் தண்ணீர் குறைந்தால் எரிகிற விளக்கு அது. பத்து நாளைக்கு முன்னால் முதன்முதலாக எரிந்தபோது, "வயர் லூசாயிருக்கும். தண்ணிதான் இவ தினம் ஊத்துறாளே" என்று சொல்லி டேப்பைக் கிழித்து அதன் வாயை அடைத்துவிட்டார். இன்றைக்கு மேடு ஏற ஏற, அதற்குப் பக்கத்திலிருந்த வெப்ப முள்ளும் கிளம்பிவிட்டது. பாதியைத் தாண்டி, முக்காலைத் தாண்டி, சிவப்புக் கோட்டைத் தொடப் போனது.

சொல்லலாமா? கணக்குப் போட்டுப் பார்த்தாள். சொன்னால், 'நீ எனக்குச் சொல்லித் தர்றியா' என்று ஒன்று. சொல்லாவிட்டால், 'கண்ணு என்ன பொடரியிலயா இருந்துச்சு' என்று ஒன்று. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடிதான். எந்தப் பக்கம் முதலில் என்பது மட்டும்தான் மத்தளத்தின் கையில். ஓட்டும்போது அவர் புறங்கையால் அடிப்பார். மோதிரம் பல்லில் படும். நிறுத்திவிட்டு அடித்தால் உள்ளங்கை, காதோடு போகும். போன வருஷம் ஒரு பல் போயிருந்தது. காது இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நின்ற பிறகு வாங்கிக்கொள்வதே மேல் என்று வாயை மூடிக்கொண்டாள்.

"தம்பி, என்னமோ தீயிற வாடை வருதே" என்றாள் பின்னால் இருந்த நாத்தனார். நாலு நாள் தம்பி வீட்டில் இருந்துவிட்டு இப்போது தன் வீட்டுக்குத் திரும்புகிறாள். மடியில் கடலைப் பொட்டலம்.

"ஏறுனதுலருந்து மென்னுக்கிட்டே இருக்கியே அக்கா. தாடைதான் சூடாயிருக்கும்."

அவர் சொல்லி அவரே சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் பானெட்டின் இரண்டு ஓரத்திலும் வெள்ளையாய் ஆவி கிளம்பியது.

மேடு முடிந்து இறக்கம் தொடங்கியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. வண்டி உருண்டு போய்ச் சாலையோரத்து ஒர்க்ஷாப் முன்னால் நின்றது. நின்றதுதான் தாமதம், கணக்குத் தப்பவில்லை. உள்ளங்கை காதில் இறங்கியது. தலை ஜன்னலில் போய் மோதியது.

"தண்ணி ஊத்துனியா இல்லையாடி?"

"ஊத்துனேங்க. தினமும் ஊத்துறேன்."

"பொய்!" இன்னொன்று.

"ஊத்துனா தம்பி, பொய்யில்ல" என்றாள் நாத்தனார். "நாலு நாளா நானே பாக்குறேன். விடிஞ்சதும் விடியாததுமா ஜக்கும் கையுமா வண்டிகிட்டதான் நிக்கிறா. புருஷனுக்குக் காப்பி கொடுக்கறதுக்கு முந்தி வண்டிக்குக் கொடுத்துடுறா."

உண்மைதான். இரண்டு மாதமாக ஒரு நாள் தவறவில்லை. ஆனால் தண்ணீர் ஊற்றிய வண்டி ஏன் கொதிக்கிறது என்பது அவளுக்கும் விளங்கவில்லை. காது 'ஙொய்' என்று இரைய, கதவைத் திறந்து இறங்கினாள்.

மெக்கானிக் வெளியே வந்தான். இஞ்சினை அணைக்கச் சொன்னான். கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்தான். முகத்தை எட்டத்தில் வைத்துக்கொண்டு பேசினான்.

"அரை மணி நேரம் ஆறட்டும் சார். அதுவரைக்கும் மூடியில யாரும் கைய வைக்காதீங்க. உள்ள கொதிச்சிட்டிருக்கு. இப்பத் திறந்தா மூஞ்சில அடிக்கும்."

"இருபது வருஷமா வண்டி ஓட்டுறேன். எனக்கே பாடமா?"

"பாடமில்ல சார். என் மாமன் கை இப்படித்தான் வெந்து போச்சு" என்றவன் குனிந்து பார்த்து, "அட, கூலன்ட் தொட்டி வறண்டு கெடக்கு. இதுல ஒரு சொட்டு இல்ல, இஞ்சினுக்குள்ள மிச்சமிருக்கறதுதான் கொதிக்குது. கண்ணாடி கழுவுற தொட்டியில மட்டும் முக்கால்வாசி நிக்குது" என்றான்.

அவள் எட்டிப் பார்த்தாள். ஒரு மூலையில் கறுப்பு மூடி போட்ட தொட்டி; மூடியில் ஒரு கையும் ஆவியும் படமாக இருந்தன. இன்னொரு மூலையில் நீல மூடி. அதில் தண்ணீர் பீய்ச்சுகிற படம். இரண்டு மாதமாக அவள் திறந்து மூடியது நீலத்தை.

இந்த வேலையை அவளிடம் ஒப்படைத்த அன்றைக்கு அவர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டே, "அந்த மூடி. தினம் ஒரு ஜக்" என்று மோவாயால் காட்டினார். "எந்த மூடிங்க?" என்று கேட்டாள். பின்மண்டையைப் பிடித்து பானெட் விளிம்பில் ஒரு இடி இடித்துவிட்டு, "ஒரு தடவை சொன்னா ஒரு தடவைதான்" என்றார். அதுதான் அந்த வீட்டுச் சட்டம். அப்புறம் அவள் கேட்கவில்லை. நெற்றியில் ரத்தம் வழிய நின்று, தண்ணீர்ப் படம் போட்டது தண்ணீருக்குத்தானே என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். அவர் குச்சியை இழுக்க இழுக்கத் தொட்டி தினமும் இறங்கியது. மறுநாள் ஒரு ஜக் பிடித்தது. தப்பு தெரியவேயில்லை. தண்ணீர் நன்றாக வருகிறது என்று அவருக்குச் சந்தோஷம்கூட.

முதல் வாரத்தில் இரண்டு சொட்டு பெயின்ட்டில் சிந்திக் காய்ந்து தடம் விழுந்தது. அந்த ஜக்காலேயே விரல் முட்டியில் அடித்து, "ஒரு சொட்டு சிந்தக் கூடாது" என்றார். அதையும் ஒரு தடவைதான் சொன்னார்.

மெக்கானிக் அவளுடைய கன்னத்தில் எழும்பியிருந்த விரல் தடத்தைப் பார்த்தான். பிறகு நீல மூடியைப் பார்த்தான். "எங்கயாச்சும் குழாய் ஒழுகியிருக்கும் சார். அம்மா மேல தப்பில்ல" என்றான் அவசரமாக.

ஆனால் கண்ணாடிக்காரர் கணக்கில் புலி. கறுப்பையும் நீலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"ரெண்டு மாசமா இதுலயாடி ஊத்துன?"

பின்னலைக் கையில் சுற்றி இழுத்தார். முட்டியால் இடுப்பில் ஒரு உதை. அவள் பம்பரில் மோதி, உதடு கிழிந்து, விழுந்து எழுவதற்குள் மறுபடியும் இழுத்தார்.

"சார்! என்ன சார் இது, விடுங்க!" மெக்கானிக் குறுக்கே வந்தான்.

நாத்தனார் அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். "அது எங்க வீட்டு விஷயம். நீ வண்டியப் பாருப்பா."

அவர் பின்னலோடு அவள் முகத்தை இஞ்சினுக்கு மேலே கொண்டுபோனார். ஆவி இமையைச் சுட்டது. கறுப்பு மூடிக்குள் ஏதோ பல்லைக் கடிக்கிற மாதிரி சத்தம் வந்துகொண்டிருந்தது.

"திறடி! உன் கையாலயே திறந்து ஊத்து. அப்பதான் புத்தி வரும். திற!"

"தொடாதம்மா!" என்று கத்தினான் மெக்கானிக்.

அவள் கையை நீட்டினாள். கறுப்புக்கும் நீலத்துக்கும் நடுவே வந்து கை அந்தரத்தில் நின்றது. காதில் இரைச்சல், அதற்குள்ளிருந்து அவளுடைய குரலே அவளுக்குக் கேட்டது, இரண்டு மாதத்துக்கு அப்புறம்.

"எந்த மூடிங்க?"

அவர் முகம் கோணியது. பின்னலை உதறி அவளைத் தரையில் தள்ளினார்.

"இதுதாண்டி! இது! இது!"

மூன்றாவது 'இது'வில் அவர் கை கறுப்பு மூடியைத் திருகிவிட்டது.

வெடித்த சத்தம் சின்னதுதான். வெள்ளையாய் ஒரு தூண் எழுந்து அவர் முகத்தை விழுங்கியது. அதற்குள்ளிருந்து வந்த ஓலம் மனுஷக் குரலாக இல்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்துக்கொண்டு சுழன்றார், வண்டியில் முட்டினார், விழுந்து மண்ணில் புரண்டார். மெக்கானிக் பாய்ந்து அவரை நிழலுக்கு இழுத்துப் போனான். கழுத்தை ஒட்டியிருந்த சட்டையைக் கிழித்தான்.

"தண்ணி! பச்சத் தண்ணி! கொட்டகைக்குப் பின்னால டிரம் இருக்கும்மா, ஓடு!"

நாத்தனார் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, என் தம்பி கண்ணு! ஓடுடி! நிக்கிறியே, ஓடு!"

ஜக் பின் இருக்கைக்கு அடியில்தான் கிடந்தது. எடுத்தாள். கொட்டகையைச் சுற்றிப் போனாள். டிரம்முக்குள் ஜக்கை அமுக்கினாள். தினமும் நிறைகிற அளவுக்கு, விளிம்புவரை, அது நிறைந்தது. கிழிந்த உதட்டிலிருந்து ஒரு துளி அதில் விழுந்து நூலாய்ப் பிரிந்தது.

"சீக்கிரம்மா!" என்று மெக்கானிக் அலறுவது கேட்டது. ஓலமும் கேட்டது.

அவள் ஜக்கை இரண்டு கையாலும் மார்போடு பிடித்து, கண்ணை விளிம்பை விட்டு எடுக்காமல், ஒரு அடி, பிறகு ஒரு அடி என்று வைத்து, ஒரு சொட்டு சிந்தாமல் வந்துகொண்டிருந்தாள்.