பால் காய்ச்சிய வீடுகள்

2005ஆம் ஆண்டு வைகாசியில் சிதம்பரத்தில் தில்லைநாதன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று, காலை வெயில் வாசல்படி வரை வந்து நின்றுவிட்டது. உள்ளே வரவில்லை. கிழக்குப் பார்த்த வீடு. எதிரே மரமும் இல்லை, மாடி வீடும் இல்லை. வாசல் கோலத்தின் மேல் வெயில் பளிச்சென்று அடித்தது, படியைத் தாண்டினால் இருட்டு. வந்திருந்த உறவினர்கள் பட்டப்பகலில் டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு கேசரி சாப்பிட்டார்கள். வீடு குளுகுளுவென்று இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். கேசரியில் முந்திரி தாராளமாகப் போட்டிருந்தது, வேறு என்ன சொல்வார்கள்.

தில்லைநாதன் கடலூரில் ஒரு தனியார் கல்லூரியில் அலுவலகக் கண்காணிப்பாளர். அதற்கு முந்தைய மார்கழியில் கடல் ஊருக்குள் வந்தபோது அவர் குடியிருந்த வாடகை வீட்டின் வாசல்கூட நனையவில்லை. வீட்டையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தவர்கள் தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருக்க, இவர் நூலிழையில் தப்பித்த கதையைப் போகிற இடமெல்லாம் சொல்லி, கடைசியில் தானே அதை நம்பிவிட்டார். இனிக் கடற்காற்று படுகிற ஊரில் இருப்பதில்லை என்று முடிவெடுத்தார். மனைவி மலர்க்கொடியைக் கேட்கவில்லை. அவர் எதையும் அவளைக் கேட்டதில்லை. தன் கையால் பால் காய்ச்சிக் குடிபோன அந்த வாடகை வீட்டு மொட்டைமாடியில் அவள் வருஷா வருஷம் சித்திரை வெயிலில் தாளிப்பு வடகம் போடுவாள். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு எல்லாவற்றையும் விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, காயவைத்து, மறுபடி பிசைந்து உருட்டிக் காயவைத்து எடுக்கிற உருண்டை. பரங்கிப்பேட்டையிலிருந்து சவுதிக்குப் போகிறவர்களின் பெட்டியில் துணிக்கு நடுவே அவள் வடகம் இருக்கும். அவளுக்கென்று இருந்த ஒரே பேர் அதுதான். கண்காணிப்பாளர் பெண்டாட்டி வெங்காயம் விற்பதா என்று அவர் முகம் சுளிப்பார். அந்த வடகத்தில் தாளித்த குழம்பை மட்டும் இரண்டு முறை ஊற்றிச் சாப்பிடுவார்.

வீடு பார்ப்பதில் நம் ஜனங்களுக்கு ஒரு முறை உண்டு. ஆடியில் பார்க்கக் கூடாது, புரட்டாசியில் கூடாது, மார்கழியில் கூடவே கூடாது. மழையில் போனால் சகுனம் சரியில்லை, உச்சிவெயிலில் போனால் தலைவலி. ஆகவே தையிலும் மாசியிலும், ராகு காலம் எமகண்டம் கழித்து, இளவெயிலில் சட்டை கசங்காமல் போய்ப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் சுடுகாடுகூட லட்சணமாகத்தான் இருக்கும். இந்த வீட்டைக் காட்டிய தரகர் கண்ணாயிரம் ஏரி உள்வாயில் போட்ட மனைகளைத் தை மாதத்தில் மட்டும் காட்டிப் பிழைத்தவர். தில்லைநாதன் திசைகாட்டியைத் தரையில் வைத்து ஈசானிய மூலையைச் சரிபார்த்தார்; அந்தத் தரை பள்ளமா மேடா என்று பார்க்கவில்லை. ஐப்பசியில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது, சாரைப்பாம்பு சமையலறைக்கு வந்து போயிற்று. அது எல்லார் வீட்டுக்கும் பொது. வெயில் வராதது இவர் வீட்டுக்கு மட்டும். வாஸ்து பார்க்கிறவர் சொன்னபடி ஜன்னலை இடித்துப் பெரிதாக்கினார். இருட்டும் அந்த அளவுக்குப் பெரிதானது. மாடியிலும் அதே கதை. மறு வருஷம் சித்திரையில் மலர்க்கொடி போட்ட வடகத்தில் மூன்றாம் நாளே பூஞ்சணம் பூத்தது. அண்டாவோடு தூக்கிப்போய்க் குப்பையில் கொட்டினாள்.

2007இல் அந்த வீட்டை ஒரு மேல்பட்டாம்பாக்கத்துக்காரருக்கு விற்றார்கள். சாமான் ஏற்றிய லாரி தெரு முனையில் திரும்பியதும் வெயில் உள்ளே கொட்டியது. வாங்கியவர் மறுநாளே திரைச்சீலை வாங்க ஓடினார். தில்லைநாதன் அதே சிதம்பரத்தில் வடக்குப் பார்த்த வீடாக ஒன்றை, அதுவும் தையில்தான் பார்த்து, தன் கையால் பால் காய்ச்சிக் குடிபோனார். அங்கேயும் இருட்டு. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம், இவருக்கு இரண்டு மேடையும் கோணல். பகலில் அவர் வேலைக்குப் போய்வருவதை வெயில் கணக்கில் எடுக்கவில்லை. அடுத்த வருஷம் கல்லூரி ஆட்களோடு ராத்தங்கலாக அவர் திருப்பதிக்குப் போனபோது, பஸ் ஏறிய சற்று நேரத்தில் வெயில் கூடத்துக்கு வந்து, பீரோவின் அடியில் கிடந்த தலைமயிர்ச் சுருள் வரை காட்டிற்று. அவர் மொட்டைத் தலையோடு படியேறியதும் பின்வாங்கிப் போயிற்று. மலர்க்கொடிக்கு அப்போது விளங்கிவிட்டது. விருந்தாளியாக அவர் போகிற வீடுகளில் வெயிலுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் பால் காய்ச்சிக் குடியேறிய வீட்டில், அவர் இருக்கிறவரை, அது கால் வைக்காது.

அன்று மாலையே சொல்லிவிட்டாள். “வெயிலு நம்ம வூட்டுக்கு வருதுங்க. நீங்க இருந்தாதான் வரமாட்டேங்குது.”

“உன் வெங்காய நாத்தத்துக்கு மனுசனே வரமாட்டான். வெயிலு எங்கேந்து வரும்?” என்றார் அவர். லட்டைப் பிட்டுக்கொண்டே, இனி இந்த வீட்டில் வடகம் கூடாது என்றும் சொன்னார். வீடு மாறி மாறி வந்ததற்கெல்லாம் அழாதவள் அன்று வயிறெரிந்து அழுதாள்.

2009இல் கடலூருக்கே திரும்பினார்கள். கடற்காற்று உடம்புக்கு நல்லது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். நகர் நலச் சங்கம், இரும்பு வளைவு, பேர்ப்பலகை எல்லாம் உள்ள தெரு. இந்த முறை இருட்டு காம்பவுண்டு சுவரையும் தாண்டி, பக்கத்து வீட்டுத் தமிழ்மணியின் துணி காயப்போடும் கொடி வரை போனது. தமிழ்மணி சங்கத்துச் செயலாளர். கூட்டம் போட்டுக் கத்தினார், அந்த ஆளைக் காலி பண்ண வைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார். ஈர ஜட்டிக்காக ஒரு சங்கம் இவ்வளவு வீரம் காட்டியதை ஊர் அதுவரை பார்த்ததில்லை. தெருவில் யாரும் தில்லைநாதனோடு பேசுவதில்லை என்று ஆயிற்று. அவர் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டார்.

2011 ஐப்பசியில், கொட்டுகிற மழையில், மலர்க்கொடி குடை பிடித்துக்கொண்டு தனியாக வீடு பார்க்கப் போனாள். இந்த மழையில் யாராவது வீடு பார்ப்பார்களா என்று கண்ணாயிரமே தலையில் அடித்துக்கொண்டார். அவள் புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தாள். கடலூரிலேயே புதுப்பாளையத்தில் ஓர் ஓட்டு வீடு, பின்னால் தளம் போட்ட மொட்டைமாடி. வாசலில் தண்ணீர் நிற்கவில்லை. பார்த்துவைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்த மார்கழியில் ‘தானே’ என்று பேர் வைத்த புயல் வந்து மாவட்டத்தையே வாரிப்போட்டது. பலாவும் முந்திரியும் வேரோடு விழுந்தன, தெருவில் ஒரு வேப்பமரம் மிச்சமில்லை. மறுநாள் போய்ப் பார்த்தாள். ஓடுகள் சில பறந்திருந்தன, சுவர் நின்றது.

அடுத்து வந்தது சித்திரை. மரமில்லாத ஊரில் வெயில் என்றால் என்ன என்று கடலூர் அப்போதுதான் படித்தது. பாதி நாள் கரண்ட் கிடையாது. பக்கத்தில் நெய்வேலி எரிந்துகொண்டிருக்க, இங்கே எல்லாரும் விசிறிமட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் ஒரே ஒரு வீடு மட்டும் மண்பானைத் தண்ணீர் போல ஜில்லென்று இருந்தது. நிழலின் அருமை தெரிந்து, அதன் சூட்சுமத்தையும் மலர்க்கொடியிடம் கேட்டுக்கொண்ட தமிழ்மணி, அதுவரை ‘அந்த ஆளு’ என்றவர், வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து நின்றார். “மாமா, நம்ம வூட்ல வந்து ஒரு வாரம் தங்கணும். பாலு உங்க கையாலதான் காச்சணும். வெக்க ரொம்ப ஜாஸ்தி.”

தில்லைநாதனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன் அருமையை ஊர் கடைசியில் உணர்ந்துவிட்டதாக நினைத்தார். தமிழ்மணி வீட்டில் பால் பொங்கியதும் வெயில் படியிறங்கிப் போனது, பார்த்தவர்கள் கைதட்டினார்கள். அடுத்த வாரத்துக்கு எதிர்வீடு, அதற்கடுத்து முனை வீடு என்று முறை வைத்துக்கொண்டார்கள். தீர்மானம் போட்ட சங்கமே அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. ஒரு மனிதனை வேண்டாம் என்பதற்கும் வேண்டும் என்பதற்கும் நம் ஆட்களுக்குத் தோலில் படுகிற சூடு ஒன்று போதும்.

அவர் முதல் வாரம் தமிழ்மணி வீட்டில் மாம்பழச் சாறு குடித்துக்கொண்டிருந்தபோது, மலர்க்கொடி உச்சிவெயிலில், ராகு காலத்தில், புதுப்பாளையத்து வீட்டைக் கடைசியாக ஒரு முறை பார்த்தாள். மொட்டைமாடித் தளம் காலைச் சுட்டது. சிரித்தாள். சேர்த்து வைத்திருந்த வடகக் காசில் வாடகைக்குப் பிடித்து, அன்றைக்கே சாமானை இறக்கி, தன் கையாலேயே பால் காய்ச்சினாள். மறுநாள் ஒரு மூட்டை வெங்காயம் வந்து இறங்கியது.

சேதி தெரிந்து தில்லைநாதன் தோளில் பொன்னாடையோடு ஒரு நாள் காலையில் வந்தார். வெயில் நடுக்கூடம் வரை வந்திருந்தது. மாடியிலிருந்து வெங்காய வாசம் இறங்கிவந்தது. இங்கேயும் ஒரு நல்ல நாள் பார்த்துத் தான் வந்து பால் காய்ச்சிவிடுவதாகப் பெருந்தன்மையோடு சொன்னார்.

“பாலு நான் காச்சிட்டேங்க. நீங்க உக்காருங்க, காப்பி தரேன்.”

விருந்தாளிக்குத் தருகிற டம்ளரில் தந்தாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு, அவர் மனைவியின் கூடத்தில், அவர் மடியில் வெயில் விழுந்தது. அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு, கூசுகிறது, அந்தக் கதவைச் சாத்து என்றார்.

அவள் சாத்தவில்லை. மாடியில் வடகத்தைத் திருப்பிப் போட நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். அவர் காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அந்த வாரம் முறை வந்திருந்த முனை வீட்டுக்கு நடந்தார். அங்கே பகலிலேயே மெழுகுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தார்கள்.